தீவனத் தட்டைப்பயறு: சொந்த விதையைப் பொறுக்குவது எப்படி?

தட்டைப்பயறு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதனால் நல்ல செடி ஒன்று சிக்கினால் அதன் குணம் பிள்ளைகளுக்கும் வரும். குதிரை மசால் என்ற தீவனப் பயிரில் இது நடக்காது. தேனீ வந்து கலந்துவிடும்.

விதைத்து 40 நாள் கழித்து, உச்சி வெயிலில் காட்டுக்குப் போங்கள். காலையில் எல்லாச் செடியும் நன்றாகத்தான் தெரியும். பக்கத்துச் செடி வாடும்போது வாடாமல், தழை நெருக்கமாக நிற்பதில் கயிறு கட்டுங்கள். வரப்போரச் செடியிடம் ஏமாறாதீர்கள், அதற்கு இடம் அதிகம், அவ்வளவுதான். இலையில் வெளிறிய திட்டுகள் விழும் தேமல் கண்ட செடி எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம். சில தேமல் நோய்கள் விதையோடு வரும்.

முதல் வருஷம் நான் சீக்கிரம் காய்த்ததையே எடுத்தேன். அடுத்த பட்டத்தில் காய்தான் மிஞ்சியது, மாட்டுக்குத் தழை இல்லை. சற்றுத் தாமதமாகப் பூப்பதைப் பாருங்கள்.

கயிறு கட்டியதை அறுக்காமல் முற்ற விட்டு, செடிக்கொரு பொட்டலம் போடுங்கள். மறுபட்டத்தில் பாதி விதையை மட்டும் செடிக்கொரு சாலாக, அதாவது வரிசையாக, விதையுங்கள். நடுநடுவே பழைய விதையிலும் ஒரு சால். பாதிச் செடிகள் பூத்ததும் அறுத்து, சால்வாரியாக எடை போடுங்கள். பழையதைவிடக் கனத்த சாலின் மீதி விதைதான் இனி உங்கள் விதை. அதில் சாம்பல் கலந்து வையுங்கள், இல்லாவிட்டால் வண்டு முந்திக்கொள்ளும்.