பிரசவத்தோடு முடிந்துவிடாத இரத்த அழுத்தம்

கர்ப்பக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்த அழுத்தம் ஏறினால், “பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கோலாலம்பூரில் நம் வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. பிரசவத்திற்குப் பின் தாயின் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடுவது உண்மைதான் என்றாலும், அத்துடன் பிள்ளையைப் பற்றிய கவலையையும் விட்டுவிடுவதே இதில் நாம் செய்யும் தவறுகளில் பெரியது என்று கருதுகிறேன்.

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்திற்குப் பிறகு அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ, அது முன்சூல்வலிப்பு எனப்படும் பிரீஎக்ளாம்ப்சியா. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் போதிய அளவு விரியாததால், பல வேளைகளில் கருவுக்கு உயிர்வளியும் ஊட்டமும் குறைகின்றன. தாய்க்கு உடற்பருமன் இருந்தால் நேர்வது வேறு: தாயிடமிருந்து சர்க்கரையும் கொழுப்பும் மிகுதியாக வந்துசேர, கருவின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கிறது. உடற்பருமனே முன்சூல்வலிப்புக்கு வழிவிடும் காரணிகளுள் ஒன்றாதலால், இரண்டும் ஒரே கர்ப்பத்தில் சேர்ந்து வருவதும் அரிதன்று. முன்சூல்வலிப்புக்கு ஆளான தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே மேல் அழுத்தம் (140/90 என்பதில் முதல் எண்) சராசரியாக 2.4 மி.மீ. பாதரச அளவு கூடுதலாக இருப்பதை 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தால் கிளினிக்கில் பதிவதையும் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. ஊராரிடம் சொல்லாமல் இருக்கலாம், தாதியிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது. முன்சூல்வலிப்பு வரும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு மருத்துவர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின், 16ஆவது வாரத்திற்கு முன் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். அதைத் தாமாக வாங்கி உண்பதும் தவறே.

“இரண்டு உயிருக்குச் சாப்பிடு” என்று சொல்லி, காலையில் நாசி லெமாக்கும் மாலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் கொடுப்பதில் அன்பு இருக்கிறது, அளவு இல்லை. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை எண் (BMI) 30ஐத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பம் முழுவதற்கும் 5 முதல் 9 கிலோ எடை கூடினால் போதும் என்பது 2009ஆம் ஆண்டு அமெரிக்கப் பரிந்துரை. அதற்காகப் பட்டினி கிடப்பதும் கருவுக்குக் கேடு.

பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையைக் கேட்கத் தயங்க வேண்டாம். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல் வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் ஆகியவற்றைப் பனடோல் போட்டுச் சமாளிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரசவமான பின்னும், பத்தியத்தில் இருக்கும் வாரங்களிலும் இவை வரக்கூடும்.

எடை குறைந்து பிறந்த பிள்ளையைச் சீக்கிரம் கொழுகொழுவென்று ஆக்க, தேவையின்றிப் பவுடர் பாலைத் திணிப்பதும் தவறு. குறைந்து பிறந்து மிக வேகமாகப் பருக்கும் உடலில்தான் பிற்காலத்தில் சர்க்கரை நோயும் உயர் அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. தாய்ப்பால் கொடுப்பதும், பிள்ளையின் எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடுவதும், மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை அழுத்தம் பார்ப்பதும் நம்மால் இயன்றவை. தாய்க்கு முன்சூல்வலிப்பு இருந்ததைப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலும் எழுதிவைக்கும்படி தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்க்கும் மருத்துவருக்குத் தாயின் புத்தகம் பெரும்பாலும் கண்ணில் படுவதேயில்லை.