இருபால் தோற்றமா, பால் தெரியவில்லையா?

படங்களுக்குக் குறிச்சொல் (படத்தில் தெரிவதைச் சொல்லும் தேடல் சொல்) இட்ட ஓவியத் தொகுப்பில் ‘இருபால் தோற்றம்’, அதாவது ஆண், பெண் சாயல் இரண்டும் கலந்த தோற்றம், என்று தேடினால் முகமூடி வீரர்களும் முதுகு காட்டும் நிழலுருவங்களும் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க முடி நீளம், உடை என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன்; பயனில்லை. கதாபாத்திரத்தின் கதைக்குறிப்பு இன்னும் குழப்பியது: அது சொல்லும் பால் வேறு, படத்தில் தெரிவது வேறு.

கடைசியில் கைகொடுத்தது ஒரே கேள்வி: படத்தில் பாலைக் காட்டும் தடயமே இல்லையா, இரு பாலின் தடயங்களும் கலந்து தெரிகின்றனவா? தடயமே இல்லையென்றால் ‘பால் தெளிவில்லை’. கலந்திருந்தால் ‘இருபால் தோற்றம்’.

பலர் கவனிக்காத ஒன்று: குறிச்சொல் படத்துக்குத்தான், பாத்திரத்துக்கு அல்ல. முகம் தெரியும் படத்தில் இருபால் தோற்றமுள்ள அதே பாத்திரம், முக்காடு மறைத்த படத்தில் ‘தெளிவில்லை’ ஆகிவிடும். பாத்திரப் பெயரை வைத்து மொத்தமாகக் குறியிடும் வசதியை (சோம்பேறிகளின் நண்பன் அது) அணைத்த பிறகே தேடல் சீரானது. அப்பாடா!