ஒரு குறை, இரண்டு கோடு

திருத்த நினைக்கும் குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவது, சட்டென்று எரிந்து விழுவது, இப்படி ஏதாவது ஒன்று. அதில் சறுக்கும் ஒவ்வொரு முறையும் உடனே கையை நெஞ்சில் வையுங்கள். மதிய உணவுக்குப் பிறகு, அதுவரை எத்தனை முறை சறுக்கினீர்களோ அத்தனை புள்ளிகளை ஒரு கோட்டில் வையுங்கள். இரவு உணவுக்குப் பிறகு இன்னொரு கோட்டில். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது 1548இல் அச்சான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லித் தரும் தனி ஆன்ம சோதனை. நெஞ்சில் கை வைப்பதைப் பலர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று அவரே சொல்கிறார். தூங்கப் போகும்போது யோசித்தால் பாதி மறந்திருக்கும். இதில் தவறு நடந்த கையோடு பிடிபடுகிறது. மதியமே ஒருமுறை பார்த்துவிடுவதால் திருந்த மீதி நாள் கையில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்: அந்தக் கை வெறும் கணக்கு அல்ல, மனம் வருந்தி இறைவன் பக்கம் திரும்பும் குட்டி செபம்.

ஆனால் எதைச் செய்தாலும் பாவமோ என்று மனம் அரிக்கும் இயல்புள்ளவர்களுக்கு இது வேண்டாம். ஸ்பெயினில் உள்ள மன்ரேசா ஊரில் இஞ்ஞாசியாரே அந்த வேதனையை அனுபவித்தவர். அப்படிப்பட்டவர்கள் புள்ளிகளை விட்டுவிட்டு, அன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றதை ஆன்ம குருவிடம் கேட்டுச் செய்யலாம்.