சார்ஜ் ஏறாத பழைய கார்: காரணம் ஒரு குட்டி பல்பு

எஞ்சின் ஓடும்போதும் பேட்டரியில் 12.3 வோல்ட்தான். 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேட்டரியை மாற்றினேன், பெல்ட்டை இறுக்கினேன், எர்த் வயரின் துருவைச் சுரண்டினேன், மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷும் பார்த்தேன். மூன்று நாள் வீண்.

ஒன்று மட்டும் உறுத்தியது: ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் சில சமயம் திடீரென்று சார்ஜ் ஏறும். அப்புறம்தான் கவனித்தேன், சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய சிவப்பு சார்ஜ் விளக்கு எரியவே இல்லை. எரியாதது நல்லது என்றல்லவா நினைத்திருந்தேன்! இந்த வகை ஆல்டர்னேட்டரில் காந்தச் சுருளுக்கு முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது; அது கிடைக்காவிட்டால் சாதாரண வேகத்தில் சார்ஜ் தொடங்காது. 2.2 வாட் பல்பு போட்டேன். ஸ்டார்ட் செய்ததும் 14.1. எல்இடி போடாதீர்கள், அதன் வழியே போகும் மின்சாரம் போதாது. புது பேட்டரிதான் தண்டச் செலவு.