வகுப்பறைக்குள் ஒரு மளிகைக்கடை போடுவது எப்படி?

"விளையாட்டு வழியாகக் கற்பிக்கணும்னு பயிற்சியில சொன்னாங்க மேடம். ஆனா திங்கட்கிழமை காலையில போய் நான் என்ன செய்யணும்?" எல்.கே.ஜி. வகுப்புக்குப் புதிதாக வரும் டீச்சர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒரு கடை போடுங்கள். எண், எழுத்து, பேச்சு, பகிர்தல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. செலவும் கிட்டத்தட்ட இல்லை.

1. சரக்கு சேர்த்தல்

ஒரு வாரம் முன்னதாகவே பெற்றோரிடம் காலி டப்பாக்கள் கேளுங்கள். பற்பசைப் பெட்டி, டீத்தூள் பாக்கெட், பிஸ்கட் உறை, பிளாஸ்டிக் டப்பா எது வந்தாலும் சரி. மாத்திரை அட்டை, சலவைத்தூள் கவர், விளிம்பு கூரான தகர டப்பா மூன்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாக்கெட்டுகளுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வாயை டேப் போட்டு ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும். இரண்டு மூன்றில் மட்டும் மணல் நிரப்புங்கள். ஏன் என்று தராசுக்கு வரும்போது சொல்கிறேன்.

காய்கறிக்குத் தென்னங்குரும்பை அருமையான பொருள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், உருட்டினால் உருளும், கீழே போட்டாலும் உடையாது.

புளியங்கொட்டை வேண்டாம். முதல் வருடம் நான் ஒரு கூடை நிறைய வைத்தேன். இரண்டாம் நாளே ஒரு பையன் ஒன்றை மூக்குக்குள் போட்டுக்கொண்டான். டாக்டர்தான் எடுத்தார். அதிலிருந்து எலுமிச்சம்பழத்தை விடச் சிறிய எதையும் இந்த வயதுக்காரர்கள் கையில் நான் கொடுப்பதில்லை. குன்றிமணியை வகுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம்.

2. இடம்

ஒரு மூலையில் இரண்டு பெஞ்சுகளை 'ட' போல மடக்கிப் போட்டால் கடை. பெயர்ப்பலகையைக் குழந்தைகளே கிறுக்கட்டும். எழுத்து சரியாக இல்லையே என்று நீங்கள் மேலே எழுதித் தொலைக்காதீர்கள்.

3. தராசு

சட்டை மாட்டும் ஹேங்கர் ஒன்று, ஒரே அளவான கொட்டாங்குச்சி இரண்டு, கொஞ்சம் நூல். கொட்டாங்குச்சி விளிம்பில் மூன்று துளை போட்டு (இது உங்கள் வேலை, ஆணியோடு பிள்ளைகளை விடவேண்டாம்) நூல் கோத்து ஹேங்கரின் இரு முனையிலும் கட்டுங்கள். ஜன்னல் கம்பியில், குழந்தைகளின் நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்பக்கத் தட்டின் அடியில் கொஞ்சம் களிமண் ஒட்டினால் நேராகிவிடும்.

மணல் பாக்கெட் இங்கேதான் வேலை செய்யும். செய்தித்தாள் அடைத்த பெரிய பாக்கெட்டை ஒரு தட்டிலும், மணல் நிரப்பிய சின்னதை இன்னொன்றிலும் வைத்துப் பார்க்கும் குழந்தையின் முகத்தைக் கவனியுங்கள். பெரியதுதான் கனம் என்று அது இதுவரை நம்பியிருக்கும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

4. காசு

மூன்று வயதுக்காரர்களுக்கு ஒரு பொருளுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். நான்கு வயதானால் விலைச்சீட்டில் புள்ளி வையுங்கள்: மூன்று புள்ளி என்றால் மூன்று அட்டை. புள்ளிக்குப் பக்கத்தில் 3 என்ற எண்ணை அடுத்த வாரம் எழுதலாம்.

இப்போதைய பிள்ளைகளிடம் ஒரு புதுச் சிக்கல். காசையே தொடமாட்டேன் என்கிறார்கள். உள்ளங்கையைப் போன் மாதிரி நீட்டி "ஸ்கேன் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். எண்ணுகிற வேலையே போச்சு! யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு குழந்தை அட்டைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்காரும். அதுதான் காசு வந்ததைச் சொல்லும் பெட்டி. புள்ளிகளை எண்ணி "நாலு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்த வேண்டும். இன்று எங்கள் வகுப்பில் முதலாளி வேலையை விட இந்தப் பெட்டி வேலைக்குத்தான் போட்டி.

5. கடை திறப்பு

இருபது பிள்ளைகள் என்றால் ஒரு நேரத்தில் ஐந்து பேர் போதும். மற்றவர்களுக்கு மரக்கட்டை, களிமண், படப்புத்தகம். கடைக்குள் போக ஐந்து மாலைகள் செய்து ஆணியில் மாட்டுங்கள். கழுத்தில் மாலை இருந்தால்தான் உள்ளே. ஆணியில் மாலை இல்லையென்றால் கடை நிரம்பிவிட்டது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

குறைந்தது நாற்பது நிமிடம் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் சாமான்களைக் கொட்டிக் கவிழ்ப்பார்கள், சண்டை போடுவார்கள். அடி விழாதவரை குறுக்கே போகாதீர்கள். இந்தப் பத்து நிமிடத்தில் பயந்துபோய்க் கடையை மூடிய டீச்சர்கள்தான் "இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குச் சரிப்படாது" என்று சொல்கிறவர்கள்.

6. நீங்கள் வாடிக்கையாளர்

ஆட்டம் சூடுபிடித்த பிறகு பையை எடுத்துக்கொண்டு போங்கள். டீச்சராகப் போகாதீர்கள். "இது என்ன நிறம்? இது எத்தனை?" என்று கேட்டால் கடை அந்த நொடியே பரீட்சை ஹால் ஆகிவிடும். எந்த வாடிக்கையாளராவது கடைக்காரரிடம் தக்காளி என்ன நிறம் என்று கேட்பாரா?

"நாலு எலுமிச்சம்பழம் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிற குழந்தை, இரண்டு கையிலும் அள்ளி ஏழெட்டைத் தரும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபடச் சில மாதங்கள்கூட ஆகலாம். "தப்பு" என்று சொல்லாமல், "எங்க வீட்ல நாலு பேருண்ணே. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு..." என்று விரலை மடக்குங்கள். கடைக்காரரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். மீதியைத் திரும்பக் கூடையில் போடும்போது அந்தக் குழந்தை கழித்தலையும் செய்துவிடுகிறது.

ஒருநாள் சாமான் சீட்டோடு போங்கள். அரிசிக்கு ஒரு படம், பக்கத்தில் 'அரிசி' என்ற எழுத்து. மறுநாள் பிள்ளைகளே கோணல் கோடு கிழித்து "இது மிளகாய், இது சோப்பு" என்று படிப்பார்கள். அந்தக் கோடுகளைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மார்ச் மாதச் சீட்டையும் ஜூலைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு ரிப்போர்ட் கார்டே வேண்டாம்.

7. குறிப்பு நோட்டு, பெற்றோர்

தினமும் மூன்று குழந்தைகளைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும். "தராசு தாழ்ந்ததும் தானே ஒரு குரும்பையை எடுத்தாள்." இப்படிப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'நன்று', 'சுமார்' எல்லாம் வேண்டாம்.

"விளையாடவா ஃபீஸ் கட்டினோம்?" என்று ஒரு அப்பா கட்டாயம் வருவார். அவரிடம் இந்த நோட்டைத்தான் நீட்டுவேன். கூடவே, எல்.கே.ஜி.யில் இருக்கும் 'கே' எங்கிருந்து வந்தது என்றும் சொல்வேன். ஜெர்மனியில் 1837இல் ஃப்ரோபெல் சிறுவர்களுக்காக ஒரு கூடம் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். அங்கே அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தது கம்பளி நூல் பந்தும் மரக்கட்டைகளும். அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போய் மகளிடமே ஒரு கிலோ சர்க்கரை வாங்கச் சொன்னால் மீதிப் பேச்சு தானாக நின்றுவிடும்.

இரண்டு மூன்று வாரத்தில் கடைக்கு வரும் கூட்டம் குறையும். அப்போது இழுத்துப் பிடிக்காமல் அடுத்து என்ன வைக்கலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். போன தடவை எங்கள் பெஞ்சுகள் பேருந்தாக மாறின. தராசை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தேன். டிரைவர் அதை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, லக்கேஜுக்கு எடை போட்டுத்தான் டிக்கெட் கொடுத்தார்.