பைத்தானையும் ரூபியையும் ஒரே தராசில் நிறுக்க

பல ஆண்டுகளாகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவன் நான். ரூபி என்ற இன்னொரு நிரல்மொழி கைக்குப் புதிது. ஆகவே இரண்டையும் ஒப்பிடுமுன் முதல் வேலை, என் ரூபி நிரலை அதில் ஊறியவர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவது. இல்லாவிட்டால் ரூபியின் பெயரில் என் பைத்தான் பழக்கத்தைத்தான் அளந்துகொண்டிருப்பேன்.

அடுத்து, சின்னக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். 7 / 2 என்றால் பைத்தான் மூன்றாம் பதிப்பில் விடை 3.5, ரூபியில் விடை 3. இதைக் கவனிக்காமல் ஒரு கட்டணக் கணக்கை அப்படியே மாற்றி எழுதினேன். ஐம்பது காசுகள் காணாமல் போயின. ரூபி மேல் பழிபோட்டது அநியாயம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே வரும் என்பது அதன் விதி. பைத்தானின் இரண்டாம் பதிப்பிலும் விடை 3தான்! பதிப்பு எண் சொல்லாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

வேகத்தை ஒரே கணினியில் அளந்து பாருங்கள். ரூபியை ஒய்ஜிட் (YJIT: நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றி வேகப்படுத்தும் ரூபியின் வசதி) உடனும் அது இல்லாமலும் ஓட்டி, இரண்டு நேரங்களையும் குறித்துவையுங்கள்.