ஜெர்மனியில் போஸ்ட்டாக் சேரும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, கிடைத்துப் போகிறவர்களுக்கு முதல் வாரமே ஆராய்ச்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அலுவலகப் படிவங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரங்கட்டுவார்கள். பணம் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

விமானம் ஏறுவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் சம்பளம் டிவி-எல் என்ற அட்டவணைப்படி வரும். போஸ்ட்டாக்குகளுக்கு வழக்கமாக அதில் ஈ13 என்ற சம்பளப் பிரிவு. அதற்குள் எந்தப் படிநிலையில் உங்களை வைப்பது என்பதை முன் அனுபவத்தைப் பார்த்து நிர்வாகம் முடிவு செய்யும். ஊரில் வாங்கிய 'இவர் இங்கே பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' வகைக் கடிதம் அதற்கு உதவாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தது வீடு. வாடகை குறைவு என்று, முகவரிப் பதிவுக்கு ஒத்துக்கொள்ளாத அறையில் போய் உட்காராதீர்கள். குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் இல்லாமல் அது நடக்காது. பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் உங்களைச் சேர்த்துவிடலாம். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பிடித்தது பின்னால் திரும்பக் கிடைக்கும் என்றாலும், முன்பணமும் வாடகையும் கட்டிய மாதத்தில் அது எதற்கு? இன்னொன்று, தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் வரி எண், வங்கி அட்டை எல்லாம் வந்த வழியே திரும்பிவிடும்.

பலருக்கும் தெரியாமலே கடந்துபோவது வி.பி.எல். எனப்படும் கூடுதல் ஓய்வூதியம். வழக்கமான திட்டத்தில் 60 மாதம் கட்டியிருந்தால்தான் ஓய்வூதிய உரிமை. இரண்டு, மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு அது எட்டாக்கனி. முதல்முறை சேரும் தற்காலிக ஆய்வாளர்கள் இதிலிருந்து விலக்குக் கேட்டு, வி.பி.எல்.எக்ஸ்ட்ரா என்ற திட்டத்துக்கு மாறலாம். அதில் உங்கள் பல்கலைக்கழகம் அதிகபட்சம் சம்பளத்தில் 4 சதவீதம் கட்டும். காத்திருப்புக் காலம் இல்லாமல் அது உங்கள் கணக்கில் சேரும். விண்ணப்பிக்க வேலை தொடங்கியதிலிருந்து 2 மாதம்தான் அவகாசம். சேரும் அன்று கையில் திணிக்கும் படிவக் கட்டில் இதுவும் எங்கோ இருக்கும், தேடி எடுங்கள்.

துறைக்குள் செய்யும் தவறுகள் சின்னவை. எல்லாவற்றுக்கும் பேராசிரியரின் கதவைத் தட்டாதீர்கள். செயலரிடம் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். காய்ச்சல் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் அனுப்பி உழைப்பைக் காட்ட நினைத்தால் யாரும் மெச்சமாட்டார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், யாராவது வாங்கி வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒப்பந்தக் கால வரம்பின் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதும் தப்புக்கணக்கு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு தகுதி வளர்ப்புக்கான தற்காலிக ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக 6 வருடம்தான் வரம்பு (மருத்துவத்தில் 9). நாடு முழுவதும் ஒரே கணக்கு. ஆய்வுத் திட்ட நிதியில் வரும் ஒப்பந்தங்களுக்கு விதி வேறு.

ஒப்பந்தம் முடிய 3 மாதம் இருக்கும்போதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிய வேண்டும். தவறினால் வேலையில்லாக் கால உதவித்தொகை ஒரு வாரத்துக்கு நிற்கும். 'நீட்டிப்பு வந்துவிடும், கவலைப்படாதே' என்று பேராசிரியர் சொல்லியிருந்தாலும் இந்தக் கடமை போகாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பதிந்து வையுங்கள். நீட்டிப்புக் கடிதம் கைக்கு வந்ததும் அவர்களுக்குத் தகவல் சொன்னால் சரி.